போதுமென்ற மனமும் அன்றாட ஸ்தோத்திரமும்

பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதியது ஒரு நன்றிக் கடிதம். காவலில் இருந்த அவருக்கு அந்தச் சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பியிருந்தார்கள். கொண்டுவந்தவர் நோயில் விழுந்து, சாகக் கிடந்து, பிழைத்து எழுந்தார். அவர் ஊர் திரும்பும்போது இந்தக் கடிதமும் கூடவே போனது. ரோமாபுரியிலிருந்து எழுதப்பட்டது என்பது பழைய மரபு, அப்படியானால் கி.பி. 60-62 வாக்கில். செசரியா என்றும் எபேசு என்றும் சொல்லும் அறிஞர்கள் உண்டு. எந்த ஊராக இருந்தாலும், முடிவு விடுதலையா மரணமா என்று தெரியாத ஒருவருடைய கடிதம் அது. அதன் நான்காம் அதிகாரத்தில், வந்த உதவிக்கு நன்றி சொல்லும் இடத்திலேயே, குறைவிலும் நிறைவிலும் மனரம்மியமாக இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் சொல்கிறார்.

தமஸ்குவுக்குப் போகும் வழியில் ஒரே ஒளியில் தலைகீழாக மாறியவர் அவர். ஆனால் இந்த மனநிலை அப்படி ஒரு நொடியில் வந்ததாக அவர் சொல்லவில்லை. பட்டினி, கப்பற்சேதம், சவுக்கடி, நண்பர்கள் கைவிட்டது எல்லாம் கடந்து, ஆண்டுக்கணக்கில் கற்றது. அப்படியென்றால் கற்பதற்கு ஒரு முறை இருக்க வேண்டும். சில வரிகளுக்கு முன்னால் அதை அவரே குறிப்பிட்டுவிட்டார்: கவலைப்படாதீர்கள், வேண்டுதல்களை ஸ்தோத்திரத்தோடு சேர்த்துத் தேவனிடம் சொல்லுங்கள் என்கிறார். வேண்டுதல் நம் எல்லோருக்கும் இயல்பாக வருகிறது. அதோடு சேர்ந்து வர வேண்டிய ஸ்தோத்திரத்தைத்தான் பழக வேண்டியிருக்கிறது. அன்றாடம் நன்றி சொல்லிப் பழகாதவருக்குப் போதுமென்ற மனம் வாய்ப்பதில்லை என்பதே வேதமும் சபை வரலாறும் திரும்பத் திரும்பக் காட்டுவது. இந்தப் பழக்கம் எப்படி வளர்ந்தது, எங்கே கோணலாகிப் போனது, இன்று நம் வீடுகளில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

பவுலின் காலத்திலேயே ரோமில் செனெக்கா முதலான ஸ்தோயிக்க ஞானிகள் திருப்தியைப் பற்றி நிறையப் பேசினார்கள். ஞானிக்குத் தனக்கு வெளியே எதுவும் தேவையில்லை, அவன் தன்னிலே நிறைந்தவன் என்பது அவர்கள் போதனை. பவுல் அந்தப் பக்கம் போகவில்லை. தனக்குப் பெலன் தருகிறவர் ஒருவர் உண்டு என்கிறார். பிலிப்பியர் அனுப்பியதையும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறார். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று கையை மடக்கிக்கொள்பவர் வேறு, கிடைத்ததைக் கொடுத்தவரின் முகம் பார்த்து வாங்கிக்கொள்பவர் வேறு. கிறிஸ்தவத் திருப்தி இரண்டாவது வகை.

மன்னாவும் முறுமுறுப்பும்

எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரண்டாம் மாதம் பதினைந்தாம் தேதி ஜனங்கள் சீன் வனாந்தரத்துக்கு வந்தார்கள். அங்கே முறுமுறுத்தார்கள் என்று யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம் தேதி போட்டுச் சொல்கிறது. மன்னா இறங்கியது. ஆளுக்கு ஓர் ஓமர். மிகுதியாய்ச் சேர்த்தவருக்கு மிஞ்சவில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவருக்குக் குறையவில்லை. மறுநாளைக்கு என்று சிலர் பதுக்கியது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு, அது கெடவில்லை. நாற்பது ஆண்டுகள் இதே ஏற்பாடு. அன்றன்றைய அப்பத்துக்காகக் கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்துக்கு இதுவே வேர். நாளைக்குக் கிடைக்குமா என்ற பயம் ஒவ்வொரு விடியலிலும் பொய்யாகிப்போக வேண்டும். அப்படிப் பொய்யாகிப் பொய்யாகித்தான் ஒரு ஜனக்கூட்டம் நம்பக் கற்றது.

ஆனால் முழுதாகக் கற்றுவிடவில்லை. எண்ணாகமம் 11-இல் அவர்களுக்கு மன்னா சலித்துப்போகிறது. எகிப்தில் சும்மா கிடைத்த மீனும், வெள்ளரிக்காயும், கொம்மட்டிக்காயும், வெங்காயமும், பூண்டும் நினைவுக்கு வருகின்றன. ஒவ்வொரு காய்கறியும் பெயரோடு ஞாபகம் இருக்கிறது. செங்கல் சூளை ஞாபகம் இல்லை. ஆண்குழந்தைகளை ஆற்றில் எறிந்தது ஞாபகம் இல்லை. அதிருப்தி பழைய நாட்களைத் தனக்கு வசதியாகத் திருத்தி எழுதிக்கொள்ளும் என்பதை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன இடம் வேதத்தில் வேறில்லை. அதனால்தான் உபாகமமும் சங்கீதங்களும் நடந்ததை நடந்தபடி நினைவுகூரும்படி ஓயாமல் சொல்கின்றன. 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள். படைப்பில் தொடங்கி, செங்கடல் வழியாக, ஆகாரம் கொடுப்பதுவரை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே பல்லவி வருகிறது. கூட்டமாகச் சொல்லச் சொல்ல அது மனப்பாடமாகிவிடும்.

லேவியராகமம் 7-இல் இருக்கும் ஒரு சட்டத்தை நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்டதில்லை. ஸ்தோத்திரத்துக்காகச் செலுத்தும் சமாதானபலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், விடியும்வரை ஒன்றும் மீதி வைக்கக் கூடாது. பொருத்தனை பலியை மறுநாளும் சாப்பிடலாம். நன்றிப் பலிக்கு அந்தச் சலுகை கிடையாது. கூடவே பலவகை அப்பங்களும் உண்டு. ஒரு ஆட்டையோ மாட்டையோ இவ்வளவு அப்பத்தோடு ஒரே நாளில் ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாது. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். வந்தவர்கள் என்ன விசேஷம் என்று கேட்பார்கள், வீட்டார் நடந்ததைச் சொல்வார்கள். நன்றி தனி மனதுக்குள் முடங்கிவிடாதபடி அந்தச் சட்டமே பார்த்துக்கொண்டது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள். ஏன், எதுவரைக்கும் என்று கர்த்தரின் முகத்துக்கு நேரே கேட்பவை. துதியின் புத்தகம் என்று நாம் பெயர் சொல்லும் நூலுக்குள்ளேயே இத்தனை அழுகை இருக்கிறது. நன்றியையும் அழுகையையும் எதிரெதிரே நிறுத்தும் உபதேசம் சங்கீதங்களை முழுதாக வாசிக்காததால் வருவது.

பல காலம், பல மேசைகள்

ஒரு மனிதன் நாள் ஒன்றுக்கு நூறு முறை தேவனை ஸ்தோத்திரிக்க வேண்டும் என்று ரபீ மேயிர் சொன்னதாகத் தல்மூத் பதிவு செய்கிறது. அப்பத்துக்கு, திராட்சரசத்துக்கு, கண்விழித்ததற்கு, இடி கேட்டதற்கு என்று தனித்தனி ஜெபங்கள் யூத வீடுகளில் உண்டு. இயேசுவும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர்தான். ஐந்து அப்பத்தை எடுத்தபோதும், காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் பந்தியிருந்தபோதும் முதலில் ஸ்தோத்திரம் செய்தார். திருவிருந்து ஆராதனையின் நடுவில் இன்றும் நிற்பது அந்த இரவின் ஸ்தோத்திரமே.

அதற்குப் பிந்திய நூற்றாண்டுகளில் பலர் வருகிறார்கள். கி.பி. 407-இல் நாடுகடத்தப்பட்டுக் கொமானா என்ற ஊரில் இறந்த யோவான் கிறிசோஸ்தோம், எல்லாவற்றுக்காகவும் தேவனுக்கு மகிமை செலுத்தியபடியே உயிர்விட்டார் என்பது மரபு. அசிசியின் பிரான்சிஸ் சூரியனையும் நீரையும் நெருப்பையும் சகோதரங்களாக வைத்து இறைவனைப் போற்றிய பாடலை 1225 வாக்கில், கண்பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில், நோய்ப்படுக்கையில் இயற்றினார். 1529-இல் லூத்தர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் காலை ஜெபமும் மாலை ஜெபமும் நன்றியில்தான் தொடங்குகின்றன. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்ல ஜெபங்கள் தரப்பட்டிருக்கின்றன. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு வழியாக அந்த ஞானோபதேசம் தமிழுக்கும் வந்தது. 1563-இல் வந்த ஹைடெல்பர்க் வினாவிடை மூன்று பாகம் கொண்டது: மனிதனின் அவலம், மீட்பு, நன்றி. பத்துக் கற்பனைகளையும் கர்த்தருடைய ஜெபத்தையும் அது மூன்றாம் பாகத்தில் வைத்தது. கீழ்ப்படிவதே நன்றியின் ஒரு பகுதி என்பது அதன் பொருள்.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் அன்றாட ஆய்வுக்கு ஐந்து படிகள் சொல்லப்படுகின்றன. பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது முதல் படி. பாவத்தை அறிய அருள் கேட்பது இரண்டாவது. மணிவாரியாக நாளைத் திரும்பிப் பார்ப்பது மூன்றாவது. பிறகு மன்னிப்பு, பிறகு தீர்மானம். பாவப் பட்டியலில் தொடங்காமல் நன்மைப் பட்டியலில் தொடங்கியதில் ஆழ்ந்த மன அறிவு இருக்கிறது. எதைப் பெற்றோம் என்று தெரிந்தவருக்குத்தான் எங்கே தவறினோம் என்பதும் சரியாகத் தெரியும். இல்லாவிட்டால் சுயபரிசோதனை சுயவெறுப்பில் முடிந்துவிடும். 1542-இல் சிமோன் ரொட்ரிகஸுக்கு எழுதிய கடிதத்தில், பாவங்களிலேயே மிகவும் அருவருக்கத்தக்கது நன்றிகேடு என்றும் எல்லாப் பாவத்துக்கும் மூலம் அதுவே என்றும் இஞ்ஞாசியார் கருத்துச் சொன்னார். அதே 1542-இல்தான் அவருடைய தோழர் சவேரியார் முத்துக்குளித்துறைக் கரையில் பரதவர் ஊர்களுக்கு வந்து, காலையும் மாலையும் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி ஜெபம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்த 1640-களில் ஜெரமையா பரோஸ் என்ற பியூரிட்டன் போதகர் பிலிப்பியர் 4:11-ஐ வைத்துத் தொடர் பிரசங்கம் செய்தார். அவர் 1646-இல் இறந்தபின், 1648-இல் அது கிறிஸ்தவத் திருப்தி பற்றிய நூலாக வந்தது. அதில் வரும் ஒரு கணக்கு என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆசைக்கு ஏற்றபடி உடைமையைக் கூட்டித் திருப்தி தேடுவது உலகத்தின் வழி. இருக்கிற நிலைமைக்குச் சமமாக ஆசையைக் கழித்துக்கொள்வது கிறிஸ்தவன் கற்ற வழி என்கிறார் பரோஸ். ஆனால் கழித்தல் மட்டும் போதுமா? ஆசையைக் குறைத்தவர் வறண்டுபோகவும் கூடும். இருக்கிறதை நன்மை என்று கண்டு மகிழ்கிற கண்ணும் வேண்டும்; நன்றி தருவது அந்தக் கண்ணைத்தான். பரோஸ் சொன்ன கழித்தலையும் பிரான்சிஸ் பாடிய மகிழ்ச்சியையும் சேர்த்து வாசித்தால்தான் பாடம் முழுமையாகும்.

ஐலன்பர்க்கும் டோனாவூரும்

ஜெர்மனியின் சாக்சனியில் ஐலன்பர்க் என்ற மதில் சூழ்ந்த ஊர். முப்பதாண்டுப் போரில் அகதிகள் அதற்குள் வந்து அடைந்தார்கள். 1637-இல் கொள்ளைநோய் பரவியது. ஊரில் இருந்த மற்றப் போதகர்களில் சிலர் மாண்டார்கள், ஒருவர் ஊரைவிட்டுப் போனார். மிஞ்சியவர் மார்ட்டின் ரின்கார்ட். சில நாட்களில் நாற்பது ஐம்பது பேருக்கு அடக்க ஆராதனை நடத்தினார். அந்த ஆண்டில் அவர் அடக்கம் செய்தவர்கள் 4,000-க்கும் அதிகம். மே மாதத்தில் அவருடைய மனைவியும் இறந்தார்.

இப்போது எல்லோரும் தேவனுக்கு நன்றி சொல்லுங்கள் என்று அழைக்கும் உலகப் புகழ்பெற்ற ஞானப்பாட்டு இவர் எழுதியது. கொள்ளைநோயின் நடுவே எழுதினார் என்று பிரசங்கங்களில் உருக்கமாகச் சொல்வார்கள். பாடல் ஆய்வாளர்கள் அதை 1636 அளவிலான அவருடைய தொகுப்போடு இணைக்கிறார்கள். சீராக்கின் ஞானம் 50-ஆம் அதிகாரத்தை ஒட்டி, வீட்டில் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளோடு சொல்ல எழுதிய ஜெபம் அது என்கிறார்கள். உருக்கமான கதை போய்விட்டதே என்று வருந்தத் தேவையில்லை, இந்த வரலாறே எனக்கு அதிக வலுவாகத் தெரிகிறது. பேரழிவின் நாளில் நன்றியை யாரும் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை. சாதாரண நாட்களின் சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொல்லிச் சொல்லிப் பழகியதே கல்லறைத் தோட்டத்தில் கைகொடுக்கிறது. அதே ரின்கார்ட்தான், பிறகு சுவீடன் படை ஊரின்மேல் 30,000 தாலர் தண்டம் விதித்தபோது தளபதியிடம் போய் வாதாடி, மன்றாடி, அதைப் பெருமளவு குறைக்க வைத்தார். நன்றியுள்ளவர் வந்ததையெல்லாம் வாய்திறக்காமல் வாங்கிக்கொள்வார் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், டோனாவூரில். 1895-இல் இந்தியா வந்து, 1901 முதல் கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த பெண்பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த ஏமி கார்மைக்கேலை ஊரார் அம்மா என்றே அழைத்தார்கள். 1931 அக்டோபரில், மருத்துவப் பணிக்காக எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கக் களக்காட்டுக்குப் போனவர், மங்கிய வெளிச்சத்தில் ஒரு குழியில் தவறி விழுந்தார். கால் முறிந்தது, முதுகும் அடிபட்டது. அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஒரே அறைதான். ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

1933-இல் நோயாளிகளுக்காக அவர் ஒரு நூல் வெளியிட்டார். சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் புத்தகங்கள் தமக்கு உதவவில்லை என்று அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். உடல் நன்றாக உள்ளவர் படுத்திருப்பவரிடம் நன்றியாயிரு என்று உபதேசிப்பதில் உள்ள பொருத்தமின்மையை அவர் அறிந்திருந்தார். தம் வலியை அவர் நல்லது என்று அழைக்கவில்லை. அந்த வலிக்குள்ளும் வந்து சேர்ந்த சிறு நன்மைகளைக் குறித்துவைத்தார். படுக்கையிலிருந்து பல புத்தகங்கள் வந்தன. டோனாவூர்க் குடும்பத்தாருக்குக் கடிதங்களும் குறிப்புகளும் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன.

தீமைக்காகவே நன்றி சொல்ல வேண்டுமா, தீமையின் நடுவிலும் நன்றி சொல்ல வேண்டுமா என்ற பழைய கேள்வி இங்கே வருகிறது. நெதர்லாந்தின் கோரி டென் பூம் குடும்பக் கதையைப் பலர் அறிவார்கள்: 1944-இல் ராவன்ஸ்புரூக் முகாமில், தங்கள் குடிலில் மொய்த்த தெள்ளுப்பூச்சிகளுக்காகவும் அக்காள் பெட்ஸி நன்றி சொன்னாள், அந்தப் பூச்சிகளுக்குப் பயந்தே காவலர்கள் உள்ளே வரவில்லை, அதனால் வேதம் வாசிக்க முடிந்தது என்று பிறகு தெரிந்தது. அழகான சாட்சி. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் பெட்ஸி அந்த முகாமிலேயே இறந்தாள். அந்த மரணத்துக்கு எந்த விளக்கமும் பிறகு வந்து சேரவில்லை. எல்லாத் துன்பத்துக்கும் காரணம் புரியும் என்று வாக்களித்து ஒருவரிடம் நன்றி வாங்கக் கூடாது. அத்திமரம் துளிர்விடாமல், தொழுவத்தில் மாடின்றிப் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்ற ஆபகூக்கும், அத்திமரம் ஏன் துளிர்விடவில்லை என்பதற்குப் பதில் கிடைத்ததாகச் சொல்லவில்லை.

ஆய்வுக்கூடம் சொல்வது

2003-இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு குழு பத்து வாரங்கள், வாரம் ஒருமுறை, நன்றிக்குரிய ஐந்து விஷயங்கள்வரை எழுதியது; இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது; மூன்றாவது குழு பொதுவாக நடந்தவற்றை எழுதியது. முதல் குழுவினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், பலன் உண்டு, ஆனால் அளவானது என்றார்கள். நல்லது, அளவாகவே எடுத்துக்கொள்வோம். விசுவாசி நன்றி சொல்வது மனநலக் குறிப்பேட்டுக்காக அல்ல. பட்டியல் எழுதுபவர் காகிதத்தோடு பேசுகிறார். ஜெபிப்பவர் கொடுத்தவரோடு பேசுகிறார். கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதால்தான் கொடுக்கப்பட்டது தீர்ந்தபிறகும் உறவு தீர்வதில்லை.

நம் வீடுகளில்

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு நன்றி வழிபாட்டுக்குப் பஞ்சமே இல்லை. இரவுக் குடும்ப ஜெபம், அறுப்பின் பண்டிகை, பிறந்தநாளுக்கும் கலியாண நாளுக்கும் உறையில் போடும் ஸ்தோத்திரக் காணிக்கை, டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் ஆண்டு முழுவதும் காத்ததற்காகச் சொல்லும் சாட்சிகள். ஆயிரம் ஸ்தோத்திர பலிகள் அடங்கிய சிறு புத்தகத்தை விடியற்காலையில் வாய்விட்டுச் சொல்லும் அம்மாக்கள் ஊருக்கு ஊர் உண்டு. தேவன் யார் என்பதை வேத வசனங்களிலிருந்து எடுத்து, வரிக்கு வரி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போகும் புத்தகம் அது. வேகமாக ஒப்பிப்பதாக அதைக் குறைசொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். கணவன் குடித்துவிட்டு வந்து விழுந்து கிடக்கும் வீட்டில், அடுப்பு பற்றவைக்கும் முன் தேவன் நல்லவர் என்று ஆயிரம் முறை சொல்லி ஒரு பெண் தன் நாளைத் தூக்கி நிறுத்துகிறாள். ஆனால் அந்த ஆயிரத்தோடு, நேற்று தன் சொந்த வாழ்க்கையில் கிடைத்த இரண்டு மூன்றையும் பெயர் சொல்லிச் சேர்த்தால் பழக்கம் இன்னும் ஆழமாகும். தண்ணீர் லாரி வந்தது, மகனுக்குக் காய்ச்சல் இறங்கியது, பக்கத்து வீட்டு அக்கா மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள் என்பதுபோல. பொதுவாகச் சொன்ன நன்றி எளிதில் மறந்துபோகும். பெயர் சொல்லிச் சொன்னது மறக்காது.

கோணல்களும் உண்டு, அவற்றை மூடிவைக்கக் கூடாது. முதலாவது, ஸ்தோத்திரத்தை முன்பணமாக்குவது. வீடு கிடைக்கும் முன்பே வீட்டுக்காக நன்றி சொல்லுங்கள், இத்தனை முறை துதித்தால் கதவு திறக்கும் என்கிற செழிப்பு உபதேசம் நன்றியை ஆசையின் வேலைக்காரியாக்குகிறது. திருப்தியைக் கற்றுத்தர வேண்டியதே அதிருப்தியை வளர்க்கிறது. கதவு திறக்காதபோது, நீ சரியாகத் துதிக்கவில்லை என்று பழியும் அந்த ஏழையின் தலையில்தான் விழுகிறது.

இரண்டாவது, ஒப்பிட்டு நன்றி சொல்வது. அந்தப் பிள்ளையைப் பார், சாப்பாடே இல்லை, நீ ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிடு என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். லூக்கா 18-இல் தேவாலயத்துக்குப் போன பரிசேயனின் ஜெபமும் ஒரு நன்றி ஜெபம்தான் என்பதை மறந்துவிடுகிறோம். மற்ற மனிதரைப்போல் தான் இல்லை என்பதற்காக அவன் நன்றி சொன்னான். நீதிமானாக்கப்படாமல் வீட்டுக்குப் போனான். அடுத்தவரின் இல்லாமையைப் படிக்கட்டாக வைத்து ஏறிப் பெறும் திருப்தி, நம்மைவிட மேலே இருப்பவர் கண்ணில் பட்ட உடனே பொறாமையாகிவிடும். கைப்பேசியில் உறவினரின் புதுவீட்டுப் படத்தைப் பார்க்கும் இரவில் அது எப்படிக் கரைகிறது என்று நமக்குத் தெரியும்.

மூன்றாவது மிகக் கொடியது: போதுமென்ற மனத்தை எளியவர்மேல் பூட்டும் பூட்டாகப் பயன்படுத்துவது. அமெரிக்காவில் அடிமைகளுக்கென்றே தயாரித்த ஞானோபதேசங்கள் கீழ்ப்படிதலைப் போதித்தன. அடிமையாயிருந்து தப்பிய ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், திருப்தியுள்ள அடிமையை உருவாக்க அவனுடைய சிந்தனையைக் கொல்ல வேண்டியிருந்தது என்ற கருத்தை எழுதினார். நம் நாட்டிலும் கூலியையும் மரியாதையையும் கேட்டவர்களிடம், தேவன் கொடுத்ததில் திருப்தியாயிருங்கள் என்று வசதியுள்ளவர்கள் சொல்லாமல் இல்லை. பவுல் அப்படிக் கற்றுத்தரவில்லை. பிலிப்பி சிறையில் நடுராத்திரியில் சீலாவோடு துதித்துப் பாடியவர், மறுநாள் காலையில் அதிகாரிகள் இரகசியமாக விடுவிக்க முயன்றபோது மறுத்துவிட்டார். விசாரிக்காமல் வெளியரங்கமாக அடித்தார்கள், அவர்களே வந்து அழைத்துப் போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்தார்கள். துதித்ததும் நியாயம் கேட்டதும் ஒரே மனிதர், சில மணி நேர இடைவெளியில். அப்போஸ்தலர் 6-இல், அன்றாட விசாரணையில் தங்கள் விதவைகள் விடுபட்டதாகக் கிரேக்கு பேசும் யூதர்கள் முறுமுறுத்தபோது, அப்போஸ்தலர்கள் மன்னாவை நினைவுபடுத்தி அவர்களைக் கண்டிக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பந்தியைச் சரிசெய்தார்கள். எந்த முறுமுறுப்பு தேவனுக்கு விரோதமானது, எது மனிதரின் அநீதிக்கு விரோதமானது என்று பிரித்தறியத் தெரியாத சபை போதுமென்ற மனத்தைப் பற்றிப் பிரசங்கிக்கத் தகுதியில்லாதது.

ஒரு பிடி அரிசி

நன்றி வாயோடு நின்றுவிடாமல் கைக்கு வந்த இடம் ஒன்றை மிசோரமில் காணலாம். அங்குள்ள பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறை சோறு ஆக்கும்போதும், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட வேண்டும். சேர்ந்ததைச் சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து வாங்கி, விற்று, ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். புஃபாய் தாம் என்று அதற்குப் பெயர். அடுத்த ஆண்டே மூங்கில் பூத்து, எலி பெருகி, மலையெங்கும் பஞ்சம் வந்தது. வழக்கம் அழியவில்லை, இன்றும் நடக்கிறது; அந்தச் சபையின் ஊழிய வருமானத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் பக்கத்திலும் பிடி அரிசிக் காணிக்கை எடுத்துவைக்கும் சபைகள் உண்டு.

இதில் நான் கவனிப்பது அந்த நேரத்தை. ஞாயிறு ஆராதனையின் உற்சாகத்தில் கொடுப்பது ஒன்று. பசித்த பிள்ளைகள் சுற்றி நிற்க, அரிசிப் பானையில் கைவிட்டுப் பார்த்து, இருப்பது இவ்வளவுதான் என்று தெரிந்தபின் ஒரு பிடியை எடுத்து ஒதுக்குவது இன்னொன்று. எடுக்கும் அந்த நொடியில் மீதி இருப்பது போதும் என்று அந்தப் பெண் முடிவுசெய்கிறாள். காலையும் மாலையும், ஆண்டுக்கணக்கில். திருப்தியை இதைவிட எளிமையாகக் கற்பிக்கும் முறை எனக்குத் தெரியவில்லை. வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் அந்தப் பிடியை அவர்கள் கையால் எடுக்கச் சொல்லலாம்.

நன்றி வராத நாட்கள்

பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும் மனச்சோர்வு நோயில் இருப்பவருக்கும் இதெல்லாம் எட்டாத பேச்சாக இருக்கும். 88-ஆம் சங்கீதம் கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, நன்றியாக ஒரு வரியும் இல்லை. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது, ஜெபமாகவே இருக்கிறது. மனச்சோர்வுக்கு மருத்துவரிடம் போக வேண்டியவரைப் போய் ஸ்தோத்திரம் சொல் என்று அனுப்பிவிடுவது அன்பாகாது. இங்கே சபைக்கு ஒரு வேலை இருக்கிறது. சி.எஸ்.ஐ. சபைகளுக்கு ஆங்கிலிக்கன் மரபு வழியாக வந்த பொது ஸ்தோத்திர ஜெபம், எட்வர்ட் ரேனால்ட்ஸ் எழுதி 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் இடம்பெற்றது. படைத்ததற்காக, காத்ததற்காக, மீட்டதற்காக என்று தொடரும் அந்த ஜெபத்தில் நான் என்பது இல்லை, முழுவதும் நாங்கள்தான். அண்மையில் பெற்ற நன்மைக்காக நன்றி சொல்ல விரும்புகிறவர்களைக் குறிப்பிட நடுவில் தனி இடமும் விடப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் அந்த வாரம் சொல்ல ஏதாவது இருக்கும் என்று அந்த ஜெபம் எதிர்பார்க்கவில்லை. சொல்ல இல்லாதவர் மற்றவர்களின் நாங்களுக்குள் நின்றுகொள்ளலாம். போதகர்கள் இதைத் துக்கவீட்டுக்குப் போகும்போது வாய்திறந்து சொல்ல வேண்டும்: அடுத்த ஞாயிறு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், வந்து உட்காருங்கள், உங்களுக்கும் சேர்த்து நாங்கள் சொல்கிறோம் என்று.